கனகவல்லி காத்திருக்க வேண்டுமா?

சிங்கப்பூர்
15.6.2025

அன்புள்ள அத்தைக்கு,

மதி எழுதுகிறேன். நானும் உங்கள் பிள்ளையும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் கொடுத்துவிட்டு வந்த தைலத்தைத் தடவுகிறீர்களா, இல்லை வழக்கம்போல் எதிர்வீட்டுக்குத் தானம் செய்துவிட்டீர்களா?

வாரத்துக்கு இரண்டு முறை போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நாம் எங்கே பேசுகிறோம்? சதீஷ் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். நீங்கள் என்னிடம் கேட்கிற கேள்விக்கு அவரே பதில் சொல்கிறார். நான் உங்களிடம் ஏதாவது கேட்பதற்குள் “சரிம்மா, வெச்சுடறேன்” என்கிறார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நானும் நீங்களும் தனியாகப் பேசியது, ஊருக்கு வந்திருந்தபோது வயல் வரப்பில்தான். அதனால் இனிமேல் கடிதம். அவருக்குத் தமிழ்க் கையெழுத்தைப் படிக்கப் பொறுமை கிடையாது. நமக்கு நல்லது.

குடவாசல் நூலகத்தில் வாசகர் வட்டம் சேர்ந்திருப்பதாகச் சொன்னீர்களே, அங்கே இந்த வருஷம் பேசப்போகிற அந்தப் போர்க்கால நாவல் இங்கே நூலகத்திலும் கிடைத்தது. கிளினிக்குக்குப் போகும்போது ரயிலில் படிக்கிறேன். கோவிந்தசாமி நம் பக்கத்து ஆள் என்றதும் பிடித்துப்போய்விட்டது. யுத்தத்துக்கு முன்னால் மலாயாத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறான், ஜப்பான்காரன் வந்து அவனைச் சயாமில் ரயில்பாதை போட இழுத்துப்போகிறான், ஊரில் அவன் மனைவி கனகவல்லி ஒரு சேதியும் இல்லாமல் காத்திருக்கிறாள். நேற்று அவளைப் பற்றிய அத்தியாயத்தில் மூழ்கி, இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டேன்.

நீங்கள் எதுவரை படித்திருக்கிறீர்கள்? வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா? எல்லாவற்றையும் எழுதுங்கள்.

அன்பு மருமகள்,
மதிவதனி


குடவாசல்
6.7.2025

அன்பு மகள் மதிக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் வண்டியை நிறுத்தி, தெருவுக்கே கேட்கும்படி “வெளிநாட்டுத் தபால்” என்றார். நான் படித்து முடிக்கும்வரை எதிர்வீட்டுக்காரி நகரவில்லை. நீங்கள் இருவரும் சுகமாக இருப்பது சந்தோஷம். முழங்கால் பரவாயில்லை. தைலம் பற்றி நீ எழுதியது சரிதான்.

தண்ணீர் வந்துவிட்டது. குறுவை நடவு பாதி முடிந்திருக்கிறது. ஆட்களுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்துதான் நாவலைப் படிக்கிறேன். கோவிந்தசாமி சயாமில் காய்ச்சல் கண்டு செத்துப்போனான் என்ற சேதியை அவன் கூட்டாளி முத்துவேல் சுமந்துகொண்டு ஊருக்கு வருகிறான் இல்லையா, அதுவரை வந்துவிட்டேன். முத்துவேல் நல்லவன்தான். ஆனால் சேதியைச் சொன்னவன் கிளம்பிப் போக வேண்டியதுதானே? பக்கத்துத் தெருவில் குடியேறுவதும், அவளுக்குக் கூரை மாற்றிக் கொடுப்பதும் எதற்கு? கனகவல்லி அவனைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். புருஷன் வரமாட்டான் என்றால் அவன் நினைவுக்காகக் காத்திருக்கட்டும். அதுதான் விசுவாசம்.

வட்டத்தில் இதைச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். லஸ்கர் தியாகராசன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. உனக்கு அவரைத் தெரியாது. நம் வாய்க்காலின் தலைப்பில் மதகைத் திறந்து மூடுகிற வேலை அவருக்கு. மாற்றலாகி வந்து சில வருஷம் ஆகிறது. மதகடியில் உட்கார்ந்து எப்போதும் ஏதாவது படித்துக்கொண்டிருப்பார். என்னை வட்டத்தில் சேரச் சொன்னதே அவர்தான். “செத்தவருக்காக எப்படிங்க காத்திருக்கிறது, அவர் வரப்போறதில்லையே” என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. நீ என்ன சொல்கிறாய்?

சதீஷை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீயும் சாப்பிடு.

வேம்பு


சிங்கப்பூர்
27.7.2025

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சதீஷுக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். உங்கள் ரசம் மாதிரி இல்லை என்று சொல்லிக்கொண்டே மூன்று டம்ளர் குடித்தார்.

நான் லஸ்கர் கட்சி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன ஞாயிறு இங்கே இருக்கிற போர் நினைவிடத்துக்குப் போனேன். சுவர் சுவராகச் சிப்பாய்களின் பெயர்கள். தமிழ்ப் பெயர்களும் இருக்கின்றன, நின்று படித்தேன். கோவிந்தசாமி மாதிரித் தோட்டத்திலிருந்து கூட்டிப்போகப்பட்ட கூலி ஆட்களின் பெயர் எதுவும் என் கண்ணில் படவில்லை. அவன் எப்படிச் செத்தான், கடைசியில் என்ன பேசினான் என்று தெரிந்த ஆள் முத்துவேல் ஒருவன்தான். அவனையும் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டால் கனகவல்லி யாரிடம் கேட்பாள்?

இன்னொரு விஷயம். ஒரு பக்கக் கடிதத்தில் லஸ்கருக்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
மதி


குடவாசல்
24.8.2025

அன்பு மகள் மதிக்கு,

சதீஷுக்குச் சளி என்று அவன் போனில் சொல்லவே இல்லை. கடிதம் போடுவதில் இது ஒரு லாபம். இங்கே நான் சௌக்கியம். குறுவைக் கதிர் நன்றாகப் பால் பிடித்திருக்கிறது. மயில்தான் தொல்லை.

லஸ்கரைப் பற்றிக் கேட்டிருந்தாய். சொல்வதற்கு என்ன இருக்கிறது? மனைவி தவறியபிறகுதான் இந்தப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தார். ஒரே மகள் குந்தவை, தஞ்சாவூரில் டீச்சர். வருகிற தை மாதம் இவருக்கு அறுபது முடிகிறது, வேலையும் முடிகிறது. மகள் வீட்டோடு போய்விடுவார். மதகடியில் கொய்யா வைத்து வளர்த்திருக்கிறார். நான் வயலுக்குப் போகிற வழி என்பதால் இரண்டு கொய்யா எடுத்து வைத்திருப்பார். அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் எழுதுகிறேன். ஒரு நாள் உன் மாமாவைப் பற்றி, “அண்ணாதுரை எப்படிங்க, ரொம்பப் பேசுவாரா, பேசமாட்டாரா?” என்று கேட்டார். உன் மாமா போய்ப் பத்து வருஷம் ஆகப்போகிறது. முதல் வருஷம் எல்லாரும் வந்து அவரைப் பற்றிப் பேசினார்கள். அதற்குப் பிறகு யாரும் பேசுவதில்லை. சதீஷிடம் பேச்செடுத்தால் அவன் முகம் வாடிவிடுகிறது, விட்டுவிடுவேன். இவர் கேட்டதும் வாயைத் திறந்தவள் நிறுத்தவில்லை. உன் மாமா கபடியில் கால் ஒடிந்தது, கட்டுப் போட்ட காலோடு என்னைப் பெண் பார்க்க வந்தது, பண்ணையில் கூலிக்குப் போன குடும்பத்தில் முதல் ஆளாக நிலம் வாங்கி, பத்திரம் பதிந்த அன்றைக்கு வயலிலேயே படுத்துத் தூங்கியது, எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். உன் மாமா கூடப் பிறந்த வீரையன் அந்தப் பக்கம் சைக்கிளில் போனார், எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

நாவலில் முத்துவேல் கனகவல்லியைப் பார்க்கிற பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அவள் இன்னும் கதவைச் சாத்தாமல் இருக்கிறாளே என்று ஆத்திரமாக வருகிறது. நவம்பர் கூட்டத்தில் “நாவலில் காதலும் விசுவாசமும்” என்று நான் பேச வேண்டுமாம். நூலகர் ஜன்னத் பீவி பெயரை எழுதியே விட்டார். மேடையில் எல்லாம் எனக்குப் பேசத் தெரியாது, ஆனாலும் கனகவல்லிக்கு யாராவது புத்தி சொல்ல வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வேம்பு


சிங்கப்பூர்
14.9.2025

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் நலம். அறுப்பு நல்லபடியாக முடிந்ததா? உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மாமாவைப் பற்றி இவ்வளவும் எனக்கு இப்போதுதான் தெரிகிறது. கட்டுப் போட்ட காலோடு பெண் பார்க்க வந்தவரைப் பார்க்காமல் போய்விட்டோமே என்று இருக்கிறது.

நான் நாவலை முடித்துவிட்டேன். முடிவைச் சொல்லமாட்டேன். கடைசி வரியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். நான் அதைப் படித்துவிட்டு ரயிலில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த சீனக் கிழவி தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

நவம்பரில் பேசப்போவதை எனக்கு முன்கூட்டியே எழுதுங்கள். கனகவல்லிக்கு நான்தான் வக்கீல்.

கொய்யா சாப்பிட ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
மதி


குடவாசல்
19.10.2025

அன்புள்ள மதிக்கு,

நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். அறுப்பு முடிந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு மழைக்குப் பயந்துகொண்டு காத்துக் கிடந்தோம், ஒருவழியாகப் போட்டாயிற்று. சம்பாவுக்கு வேலை தொடங்கிவிட்டது. நாளைக்குத் தீபாவளி, பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அதிரசம் கொஞ்சம் சுட்டேன்.

வேலை அதிகமாக இருப்பதால் வாசகர் வட்டத்துக்குப் போவதில்லை. நாவலையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைசிப் பாகம் படிக்கவில்லை. கூட்டத்தில் வேறு யாராவது பேசிக்கொள்ளட்டும்.

வேறு விசேஷம் இல்லை.

வேம்பு


சிங்கப்பூர்
2.11.2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சதீஷிடம் அம்மா சுகம் என்று சொன்னேன். அது உண்மைதானா என்று எனக்குத் தெரியவில்லை.

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் நெல் இருக்கிறது, மழை இருக்கிறது, அதிரசம் இருக்கிறது. லஸ்கர் இல்லை. போன இரண்டு கடிதத்திலும் அவரைத் திட்டியாவது ஒரு வரி எழுதினீர்கள். கனகவல்லியையும் காணோம். வயலுக்குப் போக மதகு வழியை விட்டுவிட்டுச் சுற்றிப் போகிறீர்களோ என்று நினைத்தேன். போனில் கேட்டால் ஸ்பீக்கர். அதனால் இங்கே கேட்கிறேன். என்ன நடந்தது?

நீங்கள் சொல்லாமல் நான் சதீஷிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவர் நேராகக் கேட்டால் பொய்யும் சொல்லமாட்டேன். இது என் எல்லை. உங்களுக்குப் பதில் எழுத மனம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நான் வழக்கம்போல் எழுதிக்கொண்டிருப்பேன்.

மழைக்காலம். வெந்நீர் குடியுங்கள்.

உங்கள்,
மதி


குடவாசல்
7.12.2025

என் கண்ணு மதிக்கு,

இத்தனை நாள் பதில் போடாததற்கு மழை ஒரு காரணம். தபால்காரரே வரவில்லை. வயலில் தண்ணீர் நின்று, வடிந்து, பயிர் பிழைத்துக்கொண்டது. எனக்கு ஒன்றும் இல்லை. இன்னொரு காரணம், இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

நீ கேட்டபடி மதகு வழியை விட்டுவிட்டுத்தான் போனேன். உனக்கு எப்படித் தெரிந்ததோ.

அறுப்பு முடிந்த வாரம் லஸ்கர் வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்றுகொண்டு, “தை மாசத்தோட வேலை முடியுது. தஞ்சாவூர் போகணும்னா போயிடுவேன். நீங்க சரின்னா இங்கயே இருந்துடலாம்னு இருக்கேன். ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கத்தான் வந்தேன்” என்றார். இப்படி நேராகக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு அவரைப் பிடிக்காது என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் “போங்க” என்றேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வீரையன் வந்தார். யார் சொல்லித் தெரிந்ததோ. “அண்ணாதுரை பேரைச் சொல்லிக்கிட்டு மரியாதையா இருந்துட்டுப் போ, வேம்பு” என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் போனபிறகுதான் நினைத்தேன், அந்தப் பெயரைக் கடைசியாக என்னிடம் கேட்டு, கதை சொல்லச் சொல்லி உட்கார்ந்திருந்தது யார்?

நாவலைத் திருப்பிக் கொடுத்தேன் இல்லையா, ஜன்னத் பீவி அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு மழையில் நனைந்தபடி வீட்டுக்கே வந்துவிட்டார். “நோட்டீஸ் ஒட்டியாச்சு, வேம்பக்கா. நீங்க பேசலைன்னா நாங்க எல்லாரும் டீ குடிச்சிட்டுத்தான் கலையணும்” என்றார். அவருக்காகக் கடைசிப் பாகத்தைப் படித்தேன். நீ சொன்ன கடைசி வரிக்கு வந்தேன். முத்துவேல் துணிமூட்டையோடு வாசலில் நிற்கிறான். இனி இந்த ஊரில் தனக்கு இடமில்லை என்று நினைத்துக்கொண்டு நிற்கிறான். கனகவல்லி கதவில் கை வைத்துக்கொண்டு, “போயிட்டு வாங்க” என்கிறாள். அதோடு கதை முடிந்துவிட்டது. நம் ஊரில் கடன்காரனை அனுப்பும்போதுகூட அப்படித்தான் சொல்கிறோம். நான் அவரிடம் “போங்க” என்று சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மதி, நான் அழுதேன். பிறகு எழுந்து டீ போட்டுக் குடித்தேன்.

மழையால் தள்ளிப்போன கூட்டம் நேற்று நடந்தது. லஸ்கர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீரையனும் வந்திருந்தார், நான் என்ன பேசுகிறேன் என்று பார்க்க. கனகவல்லி காத்திருக்க வேண்டும் என்றுதான் முன்பே தயார் பண்ணி வைத்திருந்தேன். போர் எப்படி வந்தது, கூலிகளை எப்படிக் கொண்டுபோனார்கள் என்றெல்லாம் பேசிவிட்டு அந்த இடத்துக்கு வந்தேன். வாய் வேறு மாதிரிப் பேசியது.

“கனகவல்லி புருஷனுக்கு விசுவாசமா இருந்தாளான்னா, இருந்தா. முத்துவேலும் கூட்டாளிக்கு விசுவாசமாதான் இருந்தாரு. கோவிந்தசாமி செத்த சேதியை அத்தனை தூரம் சுமந்துட்டு வந்தாரு. ரெண்டு பேரும் அந்த ஒருத்தருக்கே விசுவாசமா இருக்கையில, நடுவுல கதவு எதுக்குன்னு எனக்குத் தெரியலைங்க. கோவிந்தசாமியைப் பத்தி அவ பேசணும்னா அந்த ஊர்ல முத்துவேல்கிட்ட மட்டும்தான் பேச முடியும். ஊர்க்காரங்க யாருக்கும் அவன் ஞாபகம்கூட இல்ல. அவங்களுக்குப் பயந்து கதவைச் சாத்துறதுக்குப் பேரு விசுவாசம் இல்லைங்க.”

அதற்குமேல் பேசவில்லை, உட்கார்ந்துவிட்டேன். ஜன்னத் பீவிதான் முதலில் கை தட்டினார். வீரையன் எழுந்து போய்விட்டார். டீ குடித்துவிட்டு எல்லாரும் கிளம்பினோம். லஸ்கர் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், “போயிட்டு வாங்க” என்றேன். அவர் திறந்த பூட்டை மறுபடி பூட்டிவிட்டு, “வரேங்க” என்றார்.

சதீஷிடம் நீ சொல்ல வேண்டாம். அந்தப் பாரம் உனக்கு எதற்கு? நாளைக்கு நானே போன் செய்து, ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லிவிட்டு அவனிடம் சொல்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் என்ன சொன்னாலும் நீ அவன் பக்கமே நில். எனக்காக அவனோடு சண்டை போடாதே.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

வேம்பு


சிங்கப்பூர்
21.12.2025

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? நாங்கள் இருவரும் நலம். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிற அளவுக்கு இப்போது நலம்.

நீங்கள் போன் செய்த அன்று சதீஷ் பால்கனியில் நின்று கேட்டார். “ம்” என்று மட்டும் சொன்னார். உள்ளே வந்து, துவைத்து மடித்து வைத்திருந்த துணியை எல்லாம் எடுத்து மறுபடி மடித்தார். அடுத்த சில நாளும் வேலைக்குப் போனார், வந்தார், பேசவில்லை. உங்களுக்கும் போன் செய்யவில்லை என்று தெரியும். பிறகு ஒரு நாள், “உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டார். சந்தேகம் இருந்தது, கேட்டு எழுதினேன் என்று சொன்னேன். “நீ யார் பக்கம்?” என்றார். நீங்கள் அவர் பக்கம் நிற்கச் சொல்லி எழுதிய கடிதம் அன்றைக்குத்தான் வந்திருந்தது. அதை அவர் கையில் கொடுத்தேன். மன்னியுங்கள், கேட்காமல் கொடுத்துவிட்டேன்.

தமிழ்க் கையெழுத்தைப் படிக்கப் பொறுமை இல்லாதவர் முழுக் கடிதத்தையும் படித்தார். முடித்துவிட்டு, “அப்பாவைப் பத்தி அம்மா எங்கிட்டப் பேசாததுக்கு நான்தான் காரணமா?” என்று கேட்டார். ஆமாம் என்று நான் சொல்லவில்லை. ஆகஸ்டில் நீங்கள் மாமாவைப் பற்றி எழுதியதைச் சொன்னேன், அந்தக் கடிதத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார். பத்திரம் பதிந்த அன்று மாமா வயலில் படுத்துத் தூங்கியது அவருக்கும் தெரியாதாம்.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறார். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் சம்மதித்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். “ஆளைப் பாக்கணும்” என்று மட்டும் சொல்கிறார். லஸ்கரைக் கொஞ்சம் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள்.

கீழே அவரே ஒரு வரி எழுதுகிறேன் என்கிறார்.

அன்புடன்,
மதி

அம்மா, எனக்குக் கடிதம் எழுத வராது. வருகிறேன். சதீஷ்.


குடவாசல்
1.2.2026

என் அன்பு மகள் மதிக்கு,

நானும் அவரும் சௌக்கியம். இப்படி எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. சதீஷ் அங்கே பத்திரமாக வந்து சேர்ந்திருப்பான். அவன் பெட்டியில் வைத்த முறுக்கை உடைக்காமல் கொண்டுவந்தானா?

வீடியோவில் எல்லாவற்றையும் காட்டுகிறேன் என்றானே, பாதி நேரம் அவன் கட்டைவிரல்தான் தெரிந்ததாமே. ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் வந்தவன், வந்ததும் பையை வைத்துவிட்டு, “அவர் எங்க?” என்றான். மதகில் இருக்கிறார் என்றேன். நானும் பின்னாலேயே போனேன். அவர் எழுந்து நின்று “வாங்க தம்பி” என்றார். சதீஷ் மதகுச் சுவரில் உட்கார்ந்தான். மூன்று பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அப்போது அவர் சொன்னார். “தம்பி, உங்கம்மாவுக்கும் எனக்கும் ஒரு வழக்கு இருக்கு. உங்கப்பாவுக்குக் கபடியில ஒடிஞ்சது வலது காலுன்னு ஒரு நாள் சொல்றாங்க, எடது காலுன்னு ஒரு நாள் சொல்றாங்க. நான் கேட்டா கோபம் வருது. நீங்கதான் தீர்த்து வைக்கணும்.”

சதீஷ் அவரை நிமிர்ந்து பார்த்தான். “எடது கால். மழை வந்தா அந்தக் கால்தான் வலிக்கும்னு சொல்வாரு. நான்தான் அமுக்கிவிடுவேன்” என்றான். அப்படி ஆரம்பித்தவன், உன் மாமா தன்னைச் சைக்கிளில் வைத்து நாகூர்க் கந்தூரிக்குக் கூட்டிப்போனது, வழியில் டயர் வெடித்தது, தள்ளிக்கொண்டே போனது எல்லாம் சொன்னான். பத்து வருஷத்தில் அவன் அப்பாவைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவர் நடுநடுவே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். நான் கொய்யா மரத்துக்குப் பின்னால் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். திரும்பி நடக்கும்போது சதீஷ், “எப்பம்மா கல்யாணம்?” என்று மட்டும் கேட்டான்.

வீரையனிடம் அவன்தான் போய்ப் பேசினான். “அப்பா பேரைச் சொல்லி இருக்கச் சொன்னீங்களாமே பெரியப்பா, அவங்க சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க. நீங்களும் வந்து கேளுங்க” என்றானாம். அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. ஆனால் முந்தின நாள் சாயங்காலம் ஒரு மூட்டை புது நெல் வீட்டு வாசலில் இருந்தது. அந்தக் கோணிப்பை எந்த வீட்டுப் பை என்று எனக்குத் தெரியும்.

குந்தவைதான் திருக்கடையூர் என்று சொன்னாள். அப்பாவுக்கு அறுபது முடிகிற நட்சத்திரம், அன்றைக்கே கல்யாணமும் நடக்கட்டும் என்று. எனக்குக் கோயிலில் எல்லாரும் பார்ப்பார்களே என்று தயக்கம். அங்கே போய்ப் பார்த்தால் யார் யாரைப் பார்ப்பது? மண்டபம் முழுக்க நரைத்த மாப்பிள்ளைகள், பல் போன மணப்பெண்கள், ஒவ்வொரு ஜோடிக்கும் சுற்றிலும் ஒரு கூட்டம். மாலை போட்டுக்கொண்டு நிற்கிறவர்களில் ஐம்பத்தொரு வயதுக்காரியான நான்தான் சின்னப் பெண். ஜன்னத் பீவி வெளியே வேனில் உட்கார்ந்து பூ கட்டிக் கொடுத்தார்.

ஐயர் வேக வேகமாகக் கலசத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தாலியைக் கையில் எடுத்தார். அடுத்த ஜோடி காத்துக்கொண்டிருந்தது. பேச்சுவாக்கில், “கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆச்சும்மா?” என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். குந்தவை பதில் சொல்ல வாயெடுத்தாள். நான், “இப்பதாங்க ஆகப்போகுது” என்றேன். அவர் தாலியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, “அப்படின்னா நிதானமா பண்ணுவோம்” என்று சொல்லி, விட்டுப்போன மந்திரத்தை எல்லாம் சேர்த்துச் சொன்னார். பின்னால் நின்ற கூட்டம் முணுமுணுத்தது. சதீஷ் திரும்பி அவர்களிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்போதுதான் உனக்குக் கட்டைவிரல் தெரிந்திருக்கும்.

தாலி கட்டியதும் சதீஷ் எங்கள் இருவர் காலிலும் விழுந்தான். அவர் திருநீறு பூசிவிட்டார். அதற்குப் பிறகு சாப்பாடு, போட்டோ, கூட்டம். வந்த நாளிலிருந்து சதீஷ் அவரை எதையும் சொல்லிக் கூப்பிடாமலே ஓட்டிக்கொண்டிருந்தான். “இங்க பாருங்க”, “கொஞ்சம் வாங்க” என்பான், அல்லது என்னைக் கூப்பிட்டு அவரிடம் சொல்லச் சொல்வான். நானும் கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டேன். வாய்க்கு வரும்போது வரட்டும் என்று.

சாப்பிட்டு முடித்து வெளியே வந்தோம். சன்னதித் தெருவில் வேன் எடுக்க முடியாத நெரிசல். அவர் எங்கள் வேனை விட்டுவிட்டு, வேறு கல்யாணக் கோஷ்டியின் வேனைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். தூரத்திலிருந்து சதீஷ், “சித்தப்பா, அந்த வண்டி இல்ல, இந்தப் பக்கம்” என்று கத்தினான்.

இவர் திரும்பவே இல்லை. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்க்கொண்டே இருந்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தி, “உங்களைத்தாங்க கூப்பிடுறான்” என்றேன்.

நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். அவர் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

வேம்பு